பாண்டவர் குழிக் கற்கள்

வாத்தியார் ஒருவர். அரியலூரிலிருந்து வந்த நர்ஸம்மா. அவர் மகள், காலேஜில் படிக்கிறவள். சிமெண்ட் ஆலையில் வெல்டர் வேலை பார்க்கிறவர். என் மச்சான். வழி காட்ட நான்.

பச்சைமலை அடிவாரத்தில் இரண்டு கரடு ஏறி இறங்கினால் பாண்டவர் குழி. வட்டம் வட்டமாகக் கல் நட்டிருக்கும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களைப் புதைத்த இடம் என்று வாத்தியார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்களுக்கு அது கல் கிடக்கிற இடம். பெரிய வட்டத்துக் கல்லை எடுத்துத்தான் என் மாட்டுக்கொட்டகைக்கு அஸ்திவாரம் போட்டேன். நானும் மச்சானும் டிராக்டரில் ஏற்றினோம். வேறு யாருக்கும் தெரியாது.

வாத்தியார் கூப்பிட்டபோது முடியாது என்றிருக்கலாம். வேறு ஆளைக் கூட்டிப் போவார். அங்கே என்ன பேசுகிறார்களோ என்று வீட்டில் இருக்க என்னால் ஆகாது. வந்துவிட்டேன்.

முதல் கரட்டில் எல்லோரும் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

"உக்காருங்கண்ணே, கால் வலிக்கலியா?" என்றார் நர்ஸம்மா.

"இருக்கட்டுங்க."

"மாமா உக்கார மாட்டாருங்க. இன்னிக்கு எங்க உக்காந்தாலும் அவருக்குக் கல்லு குத்தும்" என்றான் மச்சான்.

முறைத்தேன். பல்லைக் காட்டினான்.

இரண்டாவது கரட்டில் இறங்கும்போது வாத்தியாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் ஒரே முள்ளுங்க சார். ஏரி வழியா போயிடலாமா?"

"முள்ளு இருந்தா இருந்துட்டுப் போவுதுங்க. அந்தக் கல்லப் பாக்கத்தான வந்தோம்."

குழியில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்து எண்ணி எழுதியதாம். பெரிய வட்டம், இருபத்தேழு கல். நர்ஸம்மா மகள் சுற்றி வந்து எண்ணினாள். பதினெட்டு. மறுபடியும் எண்ணினாள். பதினெட்டுதான்.

"ஒம்போது கல்லு எங்கம்மா போச்சு?" வாத்தியார் ஆட்டுக்காரம்மாவைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? ஆடு கல்லையா தின்னும்?"

வெல்டர் சிரித்தார். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்கதான் பட்டி போட எடுத்திருப்பீங்க. தாலுக்கா ஆபீஸ்ல எழுதிக் குடுத்து இங்க மேய்ச்சலையே நிறுத்தச் சொல்லணும்."

அந்தம்மா கம்பை ஊன்றிக்கொண்டார். "அய்யோ சார், இத வுட்டா எனக்கு வேற எடம் கெடையாதுங்க."

நான் வட்டத்தை ஒரு சுற்று நடந்தேன். கல் பெயர்த்த பள்ளத்தில் புல் மூடியிருந்தது. இன்னொரு சுற்றும் நடந்தேன். மச்சான் என்னையே பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நான் எடுத்தேங்க" என்றேன்.

ஆட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"ஒம்போதுமா?"

மச்சான் பக்கத்தில் வந்து, "ஆமான்னு சொல்லிட்டு வா மாமா" என்று முணுமுணுத்தான்.

நாங்கள் டிராக்டர் ஓட்டியது இரண்டு நடை. முதல் நடை வாத்தியார் எண்ணி எழுதியதற்கு முந்தியது. அந்தக் கல் அவருக்குத் தெரியாது.

"நீங்க எண்ணுறதுக்கு முன்னாடியும் எடுத்திருக்கேங்க."

"மொத்தம்?"

"பதினாலு."