போய்ட்டு வரேன்

எல்லை ஊர்கள் சென்னை ராஜ்யத்துக்கா ஆந்திராவுக்கா என்று பேச்சு நடந்த காலத்தில் திருப்பதியில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். வாய்ப்பேச்சில் சேர்ந்த வேலை, விலகுவதையும் வாயால்தான் சொல்ல வேண்டும். சித்தூரில் லாரிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. நின்றுவிடுகிறேன் என்று சொல்லத்தான் முதலாளியம்மாவிடம் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "ஊருக்குப் போய்ட்டு வரேம்மா" என்று வந்துவிட்டது.

"சீக்கிரம் வாடா, எனக்குத் தோள்வலி" என்றார்.

மூன்று மாதம் கழித்து லாரியோடு திருப்பதி வந்தபோது எட்டிப் பார்த்தேன். அவரே ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? ஊர்ல யாருக்கு இன்னா ஆச்சோன்னு பயந்துக்கினு இருந்தேன். வேலை கேட்டு ரெண்டு பேரு வந்தாங்க. எங்க ஆளு ஊருக்குப் போயிருக்கான்னு அனுப்பிட்டேன்."

குழவியை வாங்கி, ஊறியிருந்த அரிசி முழுவதையும் ஆட்டிக் கொடுத்தேன். பிறகு எழுந்து, "எனக்கு வேற வேலை கெடச்சிட்ச்சி. போறேம்மா" என்றேன்.

அவர் கல்லில் ஒட்டியிருந்த மாவை வழித்தார். "போறேன்னு சொல்லாதடா. போய்ட்டு வரேன்னு சொல்லு" என்றார்.

அதை அவரிடம் இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.