வடக்கே சூலம், எதிர்வீட்டில் பை

என் கணவருக்குக் கட்டடம் என்றால் உயிர். அதை மனிதர்கள் வந்து மறைத்தால் பிடிக்காது. மகாபலிபுரமோ மதுரையோ, எங்கே போனாலும் போனைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளு, கோபுரம் மறைக்குது" என்பார். தள்ளித் தள்ளி நான் படத்துக்கு வெளியே போய்விடுவேன். அவரோ எப்போதும் போனுக்குப் பின்னால். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆக்ரா போகலாம் என்று அவர் சொன்னபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தாஜ்மகால் முன்னால் பட்டுப்புடவையில் நான், பட்டுவேட்டியில் அவர், சேர்ந்து ஒரு படம். அதற்காகவே போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு" என்றார்.

டிக்கெட் புதன்கிழமைக்குத்தான் கிடைத்தது. அங்கேதான் வந்தது வம்பு. புதன்கிழமை வடக்கே சூலம் என்று நாள்காட்டித் தாளில் போட்டிருந்தது. அன்றைக்கு அந்தத் திசையில் கிளம்பக் கூடாதாம். ஆக்ராவைத் தெற்கே நகர்த்தவா முடியும்? தினமும் ஐடி கம்பெனியில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனோடு பேசுகிற மனுஷர், இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பரஸ்தானம். நல்ல நாள் பார்த்து ஒரு பையை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும் எதிர்வீட்டு அக்காவின் பூஜையறையில் ஒரு பையை வைத்துவிட்டு வந்தார்.

"எந்தப் பைங்க?"

"மங்கலமா இருக்கட்டும்னு உன் பட்டுப்புடவை, என் வேட்டி இருக்கிற பையையே வெச்சுட்டேன்."

ஸ்வெட்டர்களும் அதில்தான் இருந்தன.

புதன்கிழமை வாசலுக்கு ஆட்டோ வந்தது. "இன்னா சார், இவ்ளோதான் லக்கேஜா?" என்றார் ஆட்டோக்காரர். "நாங்க எப்பவுமே லைட்டாத்தான் போவோம்" என்று இவர் பெருமையடித்தார். நானும் மண்டு மாதிரி தலையாட்டினேன்.

ரயில் கூடூர் தாண்டியது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். "ஏம்மா, பையை எப்ப வந்து எடுக்கப் போறீங்க? நான் கடைக்குக்கூடப் போகாம உக்காந்திருக்கேன்."

போனை வைத்துவிட்டு இவரை முறைத்தேன். இவர் புளியோதரையையே பார்த்துக்கொண்டு, "பயணம் நல்ல நாள்ல ஆரம்பிச்சிருச்சு, அதுவரைக்கும் சரி" என்றார். நாக்பூர் வரை நான் அவரோடு பேசவில்லை. நாக்பூரில் ஆரஞ்சு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதோடு சரி.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. எந்த நாளில் கிளம்பக் கூடாது என்று பார்த்தவர், எந்த நாளில் பூட்டியிருக்கும் என்று பார்க்கவில்லை. ஜனவரிக் குளிர் வேறு. எங்கள் தாம்பரம் பக்கம் குளிர் என்றால் ஃபேனை ஒரு புள்ளி குறைப்போம், அவ்வளவுதான். நடுங்கிக்கொண்டே தெருக்கடையில் ஆளுக்கொரு சால்வையும் குரங்குக் குல்லாவும் வாங்கி மாட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலை முதல் ஆளாக உள்ளே போனால், தாஜ்மகாலைக் காணோம். அப்படியொரு மூடுபனி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையும் இல்லை, மகாலும் இல்லை. இதற்கு எங்கள் சேலையூர் வீட்டிலேயே ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

இவர் போனை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகு பக்கத்திலிருந்த ஒரு சர்தார்ஜியிடம் போனை நீட்டிவிட்டு, வந்து என்னை ஒட்டி நின்றார். தோளில் கைகூடப் போட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மறைக்கிறதுக்குத்தான் ஒண்ணும் இல்லியே" என்றார்.

வெயில் ஏறிய பிறகு பனி விலகியது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அத்தனை அழகு. உடனே அவரும் ஆரம்பித்துவிட்டார். "கொஞ்சம் தள்ளு, மினார் மறைக்குது." தள்ளினேன். ஆச்சரியம், கோபமே வரவில்லை.

அவர் எடுத்த தாஜ்மகால் படங்கள் போன் நிறையக் கிடக்கின்றன. நான் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியது அந்தப் பனிப் படத்தைத்தான். ஒருநாள் காபிக்கு வந்த எதிர்வீட்டு அக்கா அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். குரங்குக் குல்லா போட்ட இரண்டு பேர், சுற்றிலும் ஒரே வெள்ளை.

"இதுல தாஜ்மகால் எங்கம்மா?"

"பின்னாடிதான்க்கா இருக்கு" என்றேன்.