கோப்பில் கிடந்த அட்டை

என் மனைவிக்கு லூபஸ் நோய். கன்னங்கள் சிவந்து தடித்திருக்கும். கைகள் அடிபட்டதுபோல நீலம் பாரித்திருக்கும். நோயை விளக்கும் அட்டையொன்றை கீழ்க்கட்டளை லூபஸ் உதவி அமைப்பு தந்திருந்தது. கசங்காமலிருக்க அதை வீட்டில் கோப்பில் வைத்தேன்.

செவ்வாய் காலை 10.40. தாம்பரம் பேருந்து நிலையத்தில், வெயிலில் தள்ளாடிய அவளைக் கைபிடித்து நிழலுக்கு இழுத்தேன்.

"பொம்பளைய இப்டியா அடிச்சு வச்சிக்கிற?" என்று ஒருவன் அறைந்தான். விழுந்த என்னை மூவர் உதைத்தார்கள். ஒரு பல் உடைந்தது.

"அடிக்கலண்ணா, எனக்கு நோய்ணா!" என்று அவள் கதறினாள்.

"புருஷன வுட்டுக் குடுக்குதா பாரு!" என்று சொல்லி மறுபடி உதைத்தார்கள்.

எங்களோடு மருத்துவமனைக்கு வரக் காத்திருந்த அமைப்பின் தொண்டர் ஓடிவந்து, தன்னிடமிருந்த அதே நோய் விளக்க அட்டையை நீட்டிய பிறகே அவர்கள் உதைப்பதை நிறுத்தினார்கள்.

இப்போது அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. அமைப்பில் புதிதாகச் சேரும் கணவர்களுக்கு, உடைந்த பல்லைக் காட்டிவிட்டு நானே அட்டையைக் கொடுக்கிறேன்.