ஐஸ் பெட்டியில் வந்த தடுப்பூசி

அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ரிஷிவந்தியம் பக்கத்தில் களை எடுக்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். கீமோ கொடுத்தும் கட்டி திரும்ப வந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து ஆராய்ச்சி ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இம்யூனோதெரபி என்றார் டாக்டரம்மா. "கட்டி உங்க உடம்பை ஏமாத்தி ஒளிஞ்சிருக்கு. இந்த மருந்து போனா உங்க உடம்பே அதை அடையாளம் கண்டு அடிக்கும்" என்றார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். நாலு முறை ஏற்றியபின் எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

அதன்பின் இரண்டு தடவை அவள் போகவில்லை. எனக்குத் தெரியாது. கேட்டால், "போய்ட்டு வந்துட்டேன்டி" என்பாள். அப்படிச் சொல்லச் சொன்னவர் அவள் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் வரவில்லை என்று எனக்குப் போன் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் மாமா பக்கத்தில் நிற்க, அக்கா கையை நீட்டியிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் பக்கத்தில் தெர்மகோல் பெட்டியை வைத்துக்கொண்டு ஊசியை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஊசி இது?"

"கேன்சர் தடுப்பூசிம்மா. வெளிநாட்டுல கண்டுபுடிச்சிட்டாங்க. நியூஸ்ல பாக்கலையா?"

பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரின் கட்டியையும் பரிசோதித்து அவரவருக்கென்றே தயாரிக்கிற தடுப்பூசி, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று படித்துமிருக்கிறேன். அது ஐஸ் பெட்டியில் பைக்கேறி ரிஷிவந்தியம் வராது. குப்பியைப் பிடுங்கி, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் வைட்டமின் பி12. கடையில் தினமும் நான் எடுத்துக் கொடுக்கிற மருந்து.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பைக்கைக் கிளப்பிவிட்டான். என் கத்தலுக்குத் தெருவே கூடிவிட்டது.

"ஏன் மாமா டிரிப்ஸ நிறுத்துன?"

"அத போட்டாலே ஒடம்பெல்லாம் அரிப்பு, அசதி. சொறிஞ்சிக்கினே கெடக்கறா. என்னால பாக்க முடியல."

"அதுக்கு டாக்டராண்ட கேக்கறத வுட்டுட்டு இவன இட்டாந்தியா?"

அக்காதான் என் கையைப் பிடித்தாள். "அவர ஏன்டி திட்ற? நானும்தான் நம்புனேன். ஒரே ஊசியோட தீந்துடும்னா யாருக்குதான் ஆச வராது?"

குப்பியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "உங்க அக்காதானம்மா கைய நீட்டுனாங்க?" என்று கேட்டார் அங்கிருந்தவர். புகாரை எழுதி வாங்கும்வரை நான் நகரவில்லை. அவன் இன்னும் பிடிபடவில்லை. கரியாலூர்ப் பக்கம் மலை ஊர்களில் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

டாக்டரம்மா அக்காவைத் திட்டவில்லை. அரிப்புக்கு மாத்திரை கொடுத்து டிரிப்ஸை மறுபடி தொடங்கினார். அடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. இப்போது வளரவில்லை, குறையவுமில்லை.

"நடுவுல நிறுத்தினதாலயா மேடம்?"

"அதை யாராலும் உறுதியா சொல்ல முடியாதும்மா."

ஆமாம் என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்போது ஒவ்வொரு டிரிப்ஸுக்கும் மாமாதான் அக்காவைக் கூட்டிப் போகிறார். அவரிடம் பேசச் சொல்லி அவள் கெஞ்சுகிறாள். நான் இன்னும் பேசவில்லை.