மூன்று நிறமாய்ப் பிரிந்த விரல்கள்

என் அக்கா பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டிவித் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் அவள் வேலை. தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் சுவரெல்லாம் கறுப்பு அடித்த ஒரு இருட்டறை. மேசையில் தாடையைத் தாங்க ஒரு கட்டை இருக்கும். அதில் தாடையை வைத்து, திரையின் நடுவில் தெரியும் வெள்ளைக் கூட்டல் குறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். புள்ளியோ கீறலோ கறையோ தெரிந்தால் சிவப்புப் பொத்தான், இல்லாவிட்டால் பச்சை. ஒரு நாளைக்கு நானூறு திரை.

தூசி அளவு புள்ளியைக்கூட விடமாட்டாள் என்பதால் அவளுக்கு அங்கே ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் பார்த்து முடித்த திரைகளைத் துணியால் துடைத்துப் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்புவது என் வேலை.

போன வருடம் புது மாதிரித் திரை ஒன்று வந்தது. வெள்ளோட்டத்துக்கு என்று தினமும் நாற்பது அனுப்புவார்கள். படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது வந்த நாளிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுப் படுத்துவிடுவாள். மாமா டிவியைப் போட்டால், “அந்தச் சனியனை அணைங்க, பகல் முழுக்க அது மூஞ்சியைத்தானே பாத்துட்டு வரேன்” என்பாள். அவர் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பார்ப்பார்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், வேலைக்குப் போகும் பஸ்ஸில் என் காதோடு சொன்னாள்.

“யார்கிட்டயும் சொல்லாதடி. எனக்குக் கண்ணு போச்சு.”

“என்னக்கா உளர்றே?”

“அந்தப் புதுத் திரையில வெள்ளைக் குறி இருக்குல்ல, அது திடீர்னு ஓரத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு பிரியுது. உத்துப் பாத்தா சரியாயிடுது. பக்கத்து மேசைக்காரிங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே இல்லங்கறாங்க.”

“அப்ப நீ என்ன பண்றே?”

“பச்சையை அழுத்திடறேன். வேற என்ன பண்ணச் சொல்றே?”

மறுவாரம் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கண் பரிசோதனை. அதில் தேறாதவர்களைக் கீழ்த்தளத்தில் பெட்டி தூக்கப் போட்டுவிடுவார்கள். அக்காவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது. இரண்டு பெட்டி தூக்கினால் மூன்றாவதுக்கு அவளையே தூக்க வேண்டியிருக்கும். கண்ணைக் கொடுத்தவனிடமே அன்றைக்கு முறையிட்டேன். ஆனால் அவள் தெரிந்தே பச்சையை அழுத்தியதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை துடைக்கிற மேசையில் பல்பு எரியவில்லை. ‘இன்னைக்கு இருட்டறையில திரை வெளிச்சத்துலயே துடைச்சிடு’ என்றார்கள். திரை வெள்ளையாக எரிந்துகொண்டிருக்க, அதன்மேல் துணியை வேகமாக ஓட்டினேன். என் விரல்கள் ஐந்தும் விசிறிபோல் விரிந்தன. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் சிவப்பு, பச்சை, நீலம். கையை நிறுத்தினேன், பழைய கறுத்த விரல்தான். மறுபடி ஆட்டினேன், மறுபடி நிறம்.

“அக்கா, இங்க வா. எனக்கும் தெரியுது.”

அவள் வந்து பார்த்தாள். தன் கையையும் ஆட்டினாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அங்கே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப கண்ணு போகலடி. மூணு வாரமா கெட்டதை நல்லதுன்னு அனுப்பியிருக்கேன். இதுக்குக் கண்ணே போயிருக்கலாம்.”

பேசாமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை அவள் தேறியிருப்பாள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இன்ஜினியர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

இன்ஜினியர் ஐம்பது வயதுக்காரர், வழுக்கை. இரண்டு வருடமாக அந்தத் திரையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூட இருந்த சூப்பர்வைசர்தான் முதலில் குதித்தார்.

“மூணு வாரமா தெரிஞ்சே பச்சையை அமுக்கியிருக்கியே, உனக்குப் போய் பூதக்கண்ணாடின்னு பேரு வச்சோமே!”

“கண்ணு என்னோடது, திரை உங்களோடது. ரெண்டுல எது கெட்டுப்போச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றாள் அக்கா. “தப்புதான். சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

இன்ஜினியர் கையமர்த்தினார். “மத்தவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? குறியைத்தானே பாத்துட்டு இருந்தீங்க?”

அக்கா தரையைப் பார்த்தாள். “கழுத்து வலி சார். தாடைக்கட்டையில ரொம்ப நேரம் வைக்க முடியல. நடுநடுவுல கடிகாரத்தைப் பாப்பேன், சாப்பாட்டு மணி எப்ப அடிக்கும்னு.”

அவர் சிரித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பழைய திரையில் பின்னால் எப்போதும் வெள்ளை விளக்கு எரியும், முன்னால் நிறச் சல்லடை இருக்கும். அந்தச் சல்லடை பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது என்று இதில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் பின்விளக்கே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை மாறி எரியும். அசையாத கண்ணுக்கு மூன்றும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும், ஓடுகிற கண்ணுக்கும், திரைமுன் ஆடுகிற விரலின் ஓரத்திலும் பிரிந்துவிடும்.

“கண்ணை அசைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான்,” என்றார் தலையைத் தடவிக்கொண்டு. “வீட்ல எவன் கட்டையில தாடையை வச்சு டிவி பாக்கறான்?”

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அக்காவுக்கு ஓய்வே இல்லை. விளக்கு மாறும் வேகத்தைக் கூட்டிக் கொண்டுவருவார். “குறைஞ்சிருக்கு சார், போகல” என்பாள். ஒவ்வொரு நிறத்திலும் மற்ற இரண்டையும் துளி கலந்து கொண்டுவருவார். “பிரியறது நின்னுடுச்சு, ஆனா சிவப்பு வெளுத்து, துவைச்ச துணி மாதிரி இருக்கு” என்பாள். அவர் பெருமூச்சுவிட்டுத் திருப்பி எடுத்துப்போவார். ஏற்கெனவே பச்சை விழுந்த அறுநூற்றுச் சொச்சம் திரைகளையும் பெட்டியிலிருந்து பிரித்து நாங்கள் இரண்டு பேரும்தான் திரும்பப் பார்த்தோம். அது தண்டனையா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் அந்த வெள்ளிக்கிழமையும் வந்து போனது. கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. களைச்சுப் போயிருக்கு, ஓய்வு குடுங்க” என்றார். “குடுக்கறேன் சார்” என்றாள் அக்கா. எப்போது என்று அவரும் கேட்கவில்லை.

நாற்காலி தப்பியது. தாடைக்கட்டையைக் கழற்றிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு திரைக்கும் இருபது தடவை கண்ணை இடமும் வலமுமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று புதுச் சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

“மணி பாத்ததுக்கு நல்லா மாட்டிக்கிட்டேன்” என்றாள் நேற்று பஸ்ஸில். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அப்படியே கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொண்டாள். எங்கள் நிறுத்தம் வந்தும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“எந்திரி அக்கா, வந்துடுச்சு.”

“தெரியும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. வாசல்வரைக்கும் எதையும் பாக்காம வரேன்.”

பிடித்துக்கொண்டேன். படி எத்தனை, பள்ளம் எங்கே என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தேன்.