கீழே ஓடிய வரி

நேற்று மந்தைவெளியில் ஒரு டீக்கடை. சத்தம் குறைத்து வைத்த டிவியில் ஜப்பான் அணு உலை வெடித்த பழைய காட்சி. அந்த வெள்ளைப் புகையைப் பார்த்ததும் என் மூக்கில் நெத்திலிக் கருவாட்டு வாசனை ஏறியது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அந்தப் புகையை முதலில் பார்த்தபோது தி.நகரில் ஒரு செய்தி சேனலில் இருந்தேன். திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிற வேலை. பெரிய எழுத்தாளன் என்ற நினைப்பு வேறு. ஜப்பான்காரர்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைக் காட்டியபோது 'கலங்காத தேசம்' என்று எழுதினேன். கூடவே, 'நம் உலைகள் பத்திரம்'. யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆபீஸே பாராட்டியது.

என் வரிகளை டைப் செய்து ஓடவிட்டவள் ஸ்டெல்லா. தெற்கே, அணு உலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. அவள் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு பொட்டலம் கருவாடு வரும். அவள் அம்மா கொடுத்தனுப்புவது. அதை டிராயரில் வைத்துக்கொண்டுதான் தேசபக்தி எழுதினேன்.

சில மாதங்களில் அந்த ஊர்ப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜப்பானை அவர்களும் டிவியில் பார்த்தவர்கள்தானே. அங்கே வெடித்தது இங்கே வெடிக்காதா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எடிட்டர் என் தோளைத் தட்டினார். "ஊரே கரண்ட் இல்லாம கீது, இவங்க உல வேணாம்னு குந்திக்கினு கீறாங்க. சூடா ஒண்ணு போடு நைனா."

'தேசத்துரோகக் கும்பல்' என்று எழுதி ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். அவள் திரையைக் காட்டினாள்.

"முன்னால பச்சச் சேல கட்டி இருக்கது எங்கம்மாண்ணே."

"உங்கம்மாவப் பத்தி இல்ல ஸ்டெல்லா, பொதுவா எழுதுறது" என்றேன்.

இரண்டு சொல்லை மாற்ற எவ்வளவு நேரமாகும்? வேலை போய்விடுமே என்று பயந்தேன். நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. அவள் அதை அப்படியே டைப் செய்தாள். சாயங்காலம் வரை அவள் அம்மாவின் மடிக்குக் கீழே என் வரி ஓடியது. மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார்.

"டிவியில வேல பாக்குத தம்பியா? எங்கள துரோகின்னு எழுதுனது யாருய்யா? இவ சொல்லவே மாட்டேங்கா."

"தெரியலம்மா" என்றேன்.

சேனலை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டிடத்தில் இப்போது துணிக்கடை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நேற்று டீக்கடையிலிருந்தே அந்த எண்ணை அழைத்தேன். உபயோகத்தில் இல்லையாம்.