முன்வரிசை டிரம்பெட்

ஒரத்தநாட்டில் நான் கிளாரினெட் வாசித்த பேண்டு செட்டில் முதலில் ஒரே சாதிக்காரர்கள்தான் இருந்தோம். பிறகு டிரம்முக்கு ஒரு முஸ்லிம், சாக்ஸபோனுக்கு ஒரு கிறிஸ்தவர் என்று சேர்ந்தார்கள். கூலிப் போராட்டம் நடந்த வருஷம், பண்ணையாள் தெருவிலிருந்து ஒருவர் டிரம்பெட்டோடு வந்தார். ஒல்லியான ஆள். சித்திரை வெயிலிலும் சிவப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருப்பார்.

ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தை அந்த வீட்டுக் காரியஸ்தரே வழிமறித்தார்.

"பண்ணையாள் தெரு ஆளு எவன்டா? வெளிய வா. இந்தத் தெருவுல நீ வாசிக்கக் கூடாது."

எல்லோருக்கும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. அதனால் அதிகமாக நடுங்கிய ஆளின் காலரைப் பிடித்தார். அது நான். "நான் இல்லீங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் "ஆமாங்க" என்று வந்துவிட்டது.

டிரம்பெட்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, என் இடத்தையும் புடிச்சிக்கிட்டீங்களா?" என்றபடி முன்னால் வந்தார். "நான்தாங்க அது. நாங்க நட்டு அறுத்த நெல்லுதான் உள்ள பந்தியில சோறா விழுது. நான் ஊதுனா மட்டும் தீட்டா?"

கேட்ட கையோடு டிரம்பெட்டை உயர்த்தி ஊதத் தொடங்கினார். மாப்பிள்ளையின் கார் நகர்ந்தது. மொத்த செட்டும் அவர் பின்னால் போனது. காரியஸ்தர் என் காலரை விட மறந்துவிட்டதால் நான் மட்டும் நின்ற இடத்திலேயே வாசித்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. அத்தனை பேர் முறைத்த தெருவில் அவருக்கு மட்டும் அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.